வாசலில் நிற்பவரின் பெயர்

(வானொலி மறையுரை. பொதுக்காலம் 26-ஆம் ஞாயிறு. நற்செய்தி: லூக்கா 16:19-31)

 

இன்றைய நற்செய்தியில் ஒரு மேசையும் ஒரு வாசலும் இருக்கின்றன. மேசையில் தினந்தோறும் விருந்து நடக்கிறது. வாசலில் உடலெல்லாம் புண்ணாகிப்போன ஓர் ஏழை கிடக்கிறார். மேசைக்கும் வாசலுக்கும் பத்து இருபது அடி தூரம் இருக்கும். அந்தத் தூரத்தைச் செல்வர் ஒரு நாளும் நடந்து கடக்கவில்லை.

இந்த உவமையில் ஒரு செய்தியைக் கவனிப்போம். இயேசு எத்தனையோ உவமைகள் சொன்னார். விதைப்பவர், மேய்ப்பர், ஊதாரி மகன், நல்ல சமாரியர் என்று எத்தனையோ பேர் வருகிறார்கள். அவர்களில் யாருக்கும் பெயர் இல்லை. இந்த ஒரு கதையில்தான், அதுவும் வாசலில் கிடக்கிறவருக்கு, இயேசு பெயர் வைக்கிறார். இலாசர். 'கடவுள் உதவி செய்தார்' என்பது அதன் பொருள். விலையுயர்ந்த ஆடை உடுத்திய செல்வருக்கோ பெயரே இல்லை.

இன்னொன்றும் உண்டு. இறந்தபின், வேதனையின் நடுவிலிருந்து அந்தச் செல்வர் ஆபிரகாமை நோக்கிக் கத்துகிறார். இலாசரை அனுப்பும்படி கேட்கிறார். அப்படியானால் அவருக்கு இலாசரின் பெயர் தெரிந்திருக்கிறது! வாசலில் கிடந்த நாள் முழுவதும் தெரிந்திருக்கிறது. ஆனால் தனக்கு ஒரு வேலை ஆகவேண்டிய நேரத்தில்தான் அந்தப் பெயர் அவர் வாயில் வருகிறது. தெரியாமல் செய்த பிழை என்று சொல்லவும் அவருக்கு வழியில்லை.

அன்புக்குரியவர்களே, இந்த மேசையையும் வாசலையும் மனத்தில் வைத்துக்கொண்டு, இன்று ஒரு கடைக்காரக் குடும்பத்தின் கதையைச் சிந்திப்போம். இத்தாலியிலிருந்து பிழைக்கப் போன குடும்பம் அது. 2025 ஏப்ரல் 21-ஆம் நாள், உயிர்ப்புப் பெருவிழாவுக்கு மறுநாள், இறைவனடி சேர்ந்த நம் திருத்தந்தை பிரான்சிஸ் அவர்களின் குடும்பம். அவர் ஏழைகள்மேலும் குடிபெயர்ந்தோர்மேலும் அன்பு கொண்டிருந்தார் என்று நமக்குத் தெரியும். அந்த அன்பு எந்த அடுப்படியிலிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

இத்தாலியின் வடக்கே தூரின் நகரம். அங்கே ஜொவான்னி பெர்கோலியோ, அவர் மனைவி ரோசா என்ற இருவர் காபியும் இனிப்பும் விற்கும் ஒரு கடை வைத்திருந்தார்கள். ஜொவான்னியின் சகோதரர்கள் 1922-இல் அர்ஜென்டினாவுக்குப் போய், பரானா என்ற ஊரில் சாலைகளுக்குத் தளம் போடும் தொழில் தொடங்கியிருந்தார்கள். தொழில் செழித்தது. நீங்களும் வாருங்கள் என்று ஜொவான்னியின் குடும்பத்துக்கு அழைப்பு வந்தது. வெளிநாட்டிலிருந்து அண்ணனோ மச்சானோ 'விசா அனுப்புகிறேன், வா' என்று சொல்வது நம் கடலோர ஊர்களுக்குப் புதிய செய்தியா என்ன?

1927-இல் புறப்படுவதற்கு 'பிரின்சிபெஸ்ஸா மஃபால்தா' என்ற கப்பலில் இடம் எடுத்தார்கள். ஆனால் கையில் இருந்ததை நினைத்த நேரத்துக்குள் விற்று முடிக்க முடியவில்லை. பயணம் தள்ளிப்போனது. அந்தக் கப்பல் அதே ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பிரேசில் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கடலில் போனவர் திரும்பாத வீட்டில் விளக்கு எப்படி எரியும் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தம்மை இங்கே இருக்க வைத்தது இறைவனின் பராமரிப்பு என்று திருத்தந்தை பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்தார்.

1929-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்கள் வேறொரு கப்பலில் புவெனோஸ் ஐரெஸ் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். இத்தாலியில் அப்போது குளிர்காலம், அங்கேயோ கொளுத்தும் கோடை. ஆனால் ரோசா அம்மையார் கழுத்தில் மென்மயிர் வைத்துத் தைத்த கனத்த கோட்டைக் கழற்றவே இல்லை. வேர்க்க வேர்க்க அதைப் போட்டுக்கொண்டே இறங்கினார். ஏனென்றால் சொத்தை விற்ற பணம் முழுவதும் அந்தக் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைக்கப்பட்டிருந்தது. நகையை முந்தானையில் முடிந்துகொண்டு பேருந்து ஏறும் நம் வீட்டுத் தாய்மாரை நினைத்துக்கொள்ளலாம்.

பரானாவில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து நாலு மாடி வீட்டில் வாழ்ந்தார்கள். அந்த ஊரிலேயே முதன்முதலாக மின்தூக்கி வைத்த வீடு அது என்பார்கள். ஆனால் மூன்றே ஆண்டுகள். உலகப் பொருளாதார நெருக்கடி வந்தது. 1932-இல் எல்லாம் போயிற்று. வீடு போனது, தொழில் போனது, கல்லறைத் தோட்டத்தில் வாங்கி வைத்திருந்த குடும்பக் கல்லறையைக்கூட விற்க நேர்ந்தது. கோட்டுக்குள் தைத்துக் கொண்டுவந்த பணமும் அதோடு கரைந்தது.

இங்கேதான் நாம் நின்று பார்க்க வேண்டும். ஊர் புதிது. கையில் காசில்லை. அவர்களுக்கு என்ன நடந்தது? என்ரிகோ போஸ்ஸோலி என்ற சலேசிய சபைக் குரு ஒருவர் அந்தக் குடும்பத்தைப் பெயர் சொல்லி அறிந்திருந்தார். அவரும் இத்தாலியிலிருந்து வந்தவர்தான். அவர் ஒருவரிடம் அவர்களை அழைத்துப்போய் அறிமுகம் செய்தார். அவர்களை நம்பி அவர் 2,000 பெசோ கடன் கொடுத்தார். அதை வைத்துப் புவெனோஸ் ஐரெஸில் ஒரு மளிகைக் கடை வாங்கினார்கள். கணக்கு எழுதும் வேலை பார்த்த மகன் மாரியோ, கூடையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சரக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். படித்த பிள்ளை கூடை தூக்குவதா என்று அவர் நினைக்கவில்லை.

அந்த மாரியோ 1934-இல் சலேசியர்களின் ஆலயத்தில், திருப்பலியில், ரெஜினா என்ற பெண்ணைச் சந்தித்தார். மறு ஆண்டு திருமணம். 1936 டிசம்பர் 17-ஆம் நாள் மூத்த மகன் ஹோர்கே பிறந்தார். கிறிஸ்து பிறப்பு விழா அன்று அந்தக் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுத்தவர் அதே போஸ்ஸோலி அடிகளார்தான். கடனுக்கு வழிகாட்டிய கையே பிற்காலத் திருத்தந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றியது.

கதை அடுப்படிக்கு வருகிறது. ஐந்தாவது குழந்தை பிறந்தபோது தாய் ரெஜினாவுக்குக் கை கால் முடங்கிப்போனது. பிறகு மெல்லக் குணமானார். அந்த நாட்களில் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும்போது அம்மா உட்கார்ந்தபடியே உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருப்பார். சமைக்க வேண்டியதெல்லாம் எதிரே பரப்பி வைக்கப்பட்டிருக்கும். இதை இதோடு சேர், இதை வதக்கு, அதைச் சட்டியில் போடு என்று அம்மா சொல்லச் சொல்லப் பிள்ளைகள் சமைத்தார்கள். இறைச்சியை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிக்கும் 'மிலானேசா'வை நாங்கள் எல்லோருமே செய்வோம் என்று திருத்தந்தை பின்னாளில் சிரித்துக்கொண்டே சொல்வார். அவர் இயேசு சபைக் கல்லூரியின் அதிபராக இருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமை சமையல்காரருக்கு விடுமுறை என்பதால், மாணவர்களுக்கு அவரே சமைத்துப் போட்டார்.

அன்புக்குரியவர்களே, இந்தக் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறியது எது? தூரின் நகரத்துக் கடை கைமாறவில்லை, அதை விட்டுவிட்டு வந்தார்கள். நாலு மாடி வீடும் கைமாறவில்லை, அது கடனுக்குப் போனது. மளிகைக் கடையையும் பேரன் நடத்தவில்லை. கைமாறியது ஒன்றுதான். பசித்தவருக்கு எடுத்து வைக்கும் கை. தாத்தாவிடம் அது காபிக் கோப்பையை நீட்டியது. அப்பாவிடம் அது கூடை சுமந்தது. மகனிடம் அது சட்டியைக் கிளறியது. பிறகு அதே கை உரோமையில் அப்பத்தைப் பிட்டது.

திருத்தந்தையாகி முதன்முதலில் உரோமையைவிட்டு வெளியே அவர் எங்கே போனார்? 2013 ஜூலை 8-ஆம் நாள், லாம்பெதூசா என்ற சிறு தீவுக்கு. ஆப்பிரிக்காவிலிருந்து படகேறி வந்தவர்கள் கரை சேரும் இடம் அது, கரை சேராதவர்கள் கடலில் கிடக்கும் இடமும் அதுவே. அங்கே திருப்பலி நடந்த பீடம் உடைந்த படகின் மரத்தால் செய்யப்பட்டிருந்தது. படகு உடைந்தால் அந்தப் பலகை விறகுக்குத்தான் ஆகும் என்று நம் மீனவ மக்கள் அறிவார்கள். அங்கே அது ஆண்டவரின் மேசையாயிற்று. 2017-இல் முதல் வறியோர் உலக நாளன்று வத்திக்கானின் பெரிய அரங்கில் சுமார் 1,500 ஏழைகள் அவரோடு உட்கார்ந்து மதிய உணவு சாப்பிட்டார்கள். அவர் பரிமாறச் சொல்லிவிட்டுத் தம் அறைக்குப் போகவில்லை. கூட உட்கார்ந்து சாப்பிட்டார்.

இனி நம் ஊருக்கு வருவோம். புவெனோஸ் ஐரெஸ் துறைமுகத்தைப் போல நம் வெள்ளாற்று முகத்துவாரமும் அந்நியர் வந்து இறங்கிய இடம்தான். போர்ச்சுக்கீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், டேனியர் வந்தார்கள், ஆங்கிலேயரும் வந்தார்கள். அவர்களுக்கு முன்பே அரபு நாட்டு வணிகர்கள் இந்தக் கரைக்குப் பழக்கம். அவர்களில் எல்லோரும் நல்லெண்ணத்தோடு வந்தார்கள் என்று சொல்ல முடியாது. பீரங்கியோடு வந்தவர்களும் உண்டு. ஆனாலும் ஊரின் பெயரையே பாருங்கள். பரங்கி என்றால் வெளிநாட்டவர். பரங்கிப்பேட்டை என்றால் அந்நியர் குடியிருந்த பேட்டை. வெளியூர்க்காரரின் பெயரைத் தன் பெயராகவே வைத்துக்கொண்ட ஊர் நம்முடையது.

நம் அடுப்படிக்குள் போய்ப் பார்த்தாலும் இதே கதைதான். பொங்கலன்று கூட்டு வைக்கிறோமே, அந்தப் பரங்கிக்காய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மீன் குழம்பில் போடும் மிளகாயும் அங்கிருந்து வந்ததே. பண்ருட்டிக்குப் பெயர் வாங்கித் தந்த முந்திரி, போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த மரம். 'மேசை' என்ற சொல்லும் அவர்கள் மொழியிலிருந்து வந்ததுதான். மிளகாய் இல்லாத குழம்பை இன்று நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா? வந்தேறி என்று சொல்லி அதைச் சட்டியிலிருந்து எடுத்துப்போட நம் வீட்டில் யாராவது சம்மதிப்பார்களா?

நம் பிள்ளைகளும் வெளியூரில்தான் இருக்கிறார்கள். சிங்கப்பூரில், துபாயில், குவைத்தில், சவூதியில். நம் பங்குகளில் அப்படி ஒருவரை அனுப்பாத தெரு இருக்காது. இரவு அலைபேசியில் மகன் முகம் தெரிந்ததும் அம்மா கேட்கும் முதல் கேள்வி 'சாப்பிட்டியாப்பா?' என்பதுதான். அவன் 'சாப்பிட்டேன்மா' என்று சொல்வான். சாப்பிட்டிருக்க மாட்டான். அம்மாவுக்கும் அது தெரியும். அந்த ஊரில் யாராவது ஒருவர் நம் பிள்ளையைக் கூப்பிட்டு ஒரு தட்டு வைத்தால் போதும் என்று அவள் செபமாலை உருட்டுகிறாள்.

சகோதர சகோதரிகளே, அந்தச் செபத்தை வேறொரு தாயும் செய்துகொண்டிருக்கிறாள். அவள் ஜார்க்கண்டில் இருக்கிறாள், ஒடிசாவில் இருக்கிறாள், பீகாரில் இருக்கிறாள், அசாமில் இருக்கிறாள். அவள் மகன் சிதம்பரத்திலும் கடலூரிலும் ஓட்டலில் மாவு பிசைகிறான், தட்டுக் கழுவுகிறான், மேசை துடைக்கிறான். அவன் வீசிப் போட்ட புரோட்டாவை நாம் சாப்பிடுகிறோம். அவன் துடைத்த மேசையில் நாம் கை வைக்கிறோம். 'பையா, தண்ணி' என்கிறோம். 'இந்திக்காரப் பையன்' என்கிறோம். நற்செய்தியின் செல்வருக்கு வாசலில் கிடந்தவரின் பெயராவது தெரிந்திருந்தது. நமக்கு அதுவும் தெரியவில்லை.

அவர்களில் எத்தனையோ பேர் கத்தோலிக்கர்கள். 1885-இல் கான்ஸ்தந்த் லீவன்ஸ் என்ற பெல்ஜியம் நாட்டு இயேசு சபைக் குரு சோட்டாநாக்பூர்ப் பழங்குடி மக்களிடம் வந்தார். நிலத்தையும் உரிமையையும் இழந்துகொண்டிருந்த அவர்களுக்காக வழக்குமன்றம்வரை துணை நின்றார். அந்த மக்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரப்பிள்ளைகளும்தான் இன்று வேலை தேடி நம் பக்கம் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை விடுப்புக் கிடைத்தால் ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கிறார்கள். நம் பாட்டு அவர்களுக்குப் புரியாது, நம் மறையுரையும் புரியாது. ஆனால் எங்கே முழந்தாளிட வேண்டும் என்று சரியாகத் தெரியும். நற்கருணை வாங்கிக்கொண்டு, யாரோடும் பேசாமல் திரும்பிப் போகிறார்கள். யாரோடும் பேசாமல் போகிறார்கள் என்றால், நாம் யாரும் அவர்களோடு பேசவில்லை என்றுதான் பொருள்.

இதில் நாம் எல்லோருமே குற்றவாளிகள். வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் 'வடக்கத்தி ஆளுக்கு விடுவதில்லை' என்கிறோம், விட்டாலும் ஒரே அறையில் பத்துப் பேரை அடைத்துத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறோம். எங்காவது திருட்டு என்றால் முதலில் அவர்கள்மேல் சந்தேகப்படுகிறோம். பீடத்தின்முன் நிற்கும் குருக்களாகிய நாமும் அந்தக் கடைசி வரிசைவரை நடந்துபோய் 'உன் பெயர் என்னப்பா' என்று கேட்க எத்தனை ஞாயிறு மறந்திருக்கிறோம்!

முடியாத காரியத்தை ஆண்டவர் கேட்கவில்லை. இந்த ஊருக்கு அது தெரிந்த காரியம். 2004 டிசம்பர் 26-ஐ யாரும் மறந்திருக்க மாட்டோம். கிறிஸ்து பிறப்புக்கு மறுநாள் காலை, கடல் ஊருக்குள் வந்தது. சுற்றியிருந்த மீனவ ஊர்களின் மக்கள் உடுத்திய துணியோடு ஓடி வந்தார்கள். பரங்கிப்பேட்டை ஜமாஅத்தைச் சேர்ந்த இஸ்லாமியச் சகோதரர்கள் அடுப்பை மூட்டிப் பல நாட்கள் அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். நீ எந்தச் சாமி கும்பிடுகிறாய் என்று அன்று யாரும் கேட்கவில்லை. சிறுவன் ஹோர்கே ஒருமுறை பாட்டியோடு போகும்போது, வேறு சபையைச் சேர்ந்த இரண்டு பெண்களைப் பார்த்து 'இவர்கள் கன்னியரா?' என்று கேட்டாராம். 'இல்லை, ஆனால் நல்லவர்கள்' என்று பாட்டி பதில் சொன்னாராம். அந்த ஒரு சொல் அவர் வாழ்நாள் முழுவதற்கும் போதுமாயிருந்தது. சுனாமி நாளில் நாமும் நம் கண்ணால் அதைப் பார்த்தோம்.

ஆகவே வருகிற வாரத்துக்கு மூன்று சிறு காரியங்கள். ஒன்று, நாம் வழக்கமாகப் போகும் கடையில் வேலை செய்யும் ஒருவருடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்வோம். அடுத்தமுறை அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவோம். இரண்டு, வீட்டில் விசேஷம் என்றால் ஒருவருக்காவது, பார்சல் கட்டிக் கொடுத்தனுப்பாமல், உள்ளே அழைத்து நம்மோடு உட்கார வைத்துச் சோறு போடுவோம். மூன்று, ஆலயத்தின் கடைசி வரிசையில் நிற்கிறவருக்கு நம் பக்கத்தில் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்போம். அவரை நாலு பேருக்கு அறிமுகம் செய்வோம். போஸ்ஸோலி அடிகளார் செய்தது அவ்வளவுதானே? ஓர் அறிமுகம். அதிலிருந்து என்ன முளைக்கும் என்று அன்று அவருக்கு எப்படித் தெரியும்?

ரோசா பாட்டி அடிக்கடி ஒன்று சொல்வார் என்று திருத்தந்தை நினைவுகூர்வார். இறந்தவருக்குப் போர்த்தும் துணியில் பை கிடையாது என்பது அதன் கருத்து. கோட்டின் உள்துணிக்குள் பணத்தை வைத்துத் தைத்துக்கொண்டு கடல் கடந்த ஒரு பெண்மணி அதைச் சொன்னார். பணத்தின் அருமை அறியாமல் அவர் அப்படிப் பேசவில்லை. அறிந்து, வைத்திருந்து, இழந்து, பிறகு சொன்னார். நற்செய்தியின் செல்வர் இறந்த பிறகு கற்றுக்கொண்டதை அந்தப் பாட்டி உயிரோடிருக்கும்போதே கற்றுக்கொண்டார். நமக்கும் இன்னும் நேரம் இருக்கிறது. நம் வாசல் இன்னும் திறக்கக்கூடிய வாசல்தான்.

செபிப்போம். அன்புத் தந்தையே, எங்கள் பிள்ளைகளுக்கு அந்நிய மண்ணில் சோறு போடும் முகம் தெரியாத கைகளை ஆசீர்வதியும். எங்கள் மண்ணில் எங்களுக்காகச் சமைக்கும் பிள்ளைகளின் பெயரை எங்கள் நாவில் வையும். எங்கள் மேசையை நீளமாக்கும். கடலிலும் கரையிலும் உழைத்து மாண்ட எல்லோருக்கும், உம் ஊழியர் பிரான்சிசுக்கும், முடிவில்லா விருந்தில் இடம் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.

எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.